யாரையும் நம்பாத கதவு

ஜகார்த்தா என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு, யாரையுமே நம்பாத ஒரு கதவு இருந்தது.

கதவுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி பாக் ஹெந்தார்தோ. அந்த ஊரில் மரியாதைக்கு ஆண்களை 'பாக்' என்பார்கள், பெண்களை 'பு' என்பார்கள். சாவி வேண்டாம், அட்டை வேண்டாம், முகம் போதும். ஆனால் நேற்று வந்த முகத்தை இன்றைக்கு எப்படி நம்புவது? அதனால் தினமும் காலை ஆறு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து புதுப் பட்டியல் வரும். காவலர் பாக் சர்மின் தன் கூண்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவார். அதற்குப் பிறகுதான் கதவுக்கு ஆட்களைத் தெரியும்.

பட்டியலில் இல்லாதவர் வந்து நின்றால் சிவப்பு விளக்கு எரியும். "மன்னிக்கவும், நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். வேலை போன சேதி ஆளுக்கு முன்னால், மேலாளருக்கும் முன்னால், கதவுக்குத் தெரிய வேண்டும் என்பது ஹெந்தார்தோ போட்ட விதி. போன மாதம் பு எந்தாங் என்ற ஊழியர் சாப்பாட்டு டப்பாவோடு நின்று அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தப் புதன்கிழமை, கதவு யாரையுமே தெரியாது என்றது.

கணக்குப் பிரிவைத் தெரியாது என்றது. மேலாளரைத் தெரியாது என்றது. ஹெந்தார்தோ கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கடைசியில் சிரித்தும் காட்டினார். நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல.

மொத்த அலுவலகமும் வெயிலில் நின்றது. கோழிக் கஞ்சி வண்டிக்காரரிடம் கிண்ணம் தீர்ந்துபோனது.

ஒன்பது மணிக்கு மாடியில் கூட்டம். இந்தக் கதவின் பெருமையை ஹெந்தார்தோ எடுத்துச் சொல்ல வேண்டிய கூட்டம்.

"பட்டியல் ஏத்தினீங்களா பாக்?" என்று கூண்டருகே போய்க் கேட்டார்.

"கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே இருக்கு பாக்" என்றார் சர்மின், சோயாவில் செய்த தெம்பே வறுவலை மென்றபடி.

"நகருங்க, நான் வந்து சரி பண்றேன்."

சர்மின் கூண்டின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். காவலரைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. கீழே ஹெந்தார்தோவின் கையெழுத்து.

"அதை எழுதினதே நான்தான்யா."

"இருக்கலாம் பாக். கதவு உங்களை யாருன்னே தெரியாதுங்குது. நான் எதை வச்சு நம்பறது?"

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

கதவு வந்ததால் தன் வேலைக்கு ஆபத்து என்று பழிவாங்குகிறார் கிழவர் என மேலாளர் முணுமுணுத்தார். ஹெந்தார்தோவும் அதைத்தான் நினைத்திருந்தார். அங்கேயே ஒரு பைக் சீட்டில் தாளை வைத்து எழுதினார். வேலை நீக்கம், இன்று முதல். ஓய்வு பெற சர்மினுக்கு இன்னும் பத்தே மாதம்தான் இருந்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

சர்மின் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நேரா தலைமை அலுவலகத்துக்கே போயிடுங்க பாக்" என்றார் மெதுவாக. "அங்க உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசுவாங்க. டீ குடுப்பாங்க."

"போகத்தான் போறேன். நான் திரும்பி வரும்போது நீ இங்க இருக்கக் கூடாது."

வாடகை பைக் ஒன்றில் பின்னால் ஏறிப் போனார்.

பைக் சிக்னலில் திரும்பி மறையும்வரை சர்மின் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலில் இருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கதவு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றது. ஆட்கள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

கடைசியாக நின்றவள் கணக்குப் பிரிவு திவி.

"பட்டியல் இப்பத்தான் வந்துச்சா பாக்?"

"ஆறு மணிக்கே வந்துடுச்சு."

"பின்ன எதுக்கு எங்க எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சீங்க?"

சர்மின் வேலை நீக்கத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"நேத்து பட்டியல்ல நாப்பத்தொரு பேர் திவி. இன்னைக்கு நாப்பது. அந்த ஒருத்தரை மட்டும் தனியா நிக்க வைக்க மனசு வரல."

திவி, பைக் போன திசையைப் பார்த்தாள். கதவு அவள் பெயரைச் சொன்னது, உள்ளே போனாள்.