முதல் திருமணம் மட்டும்

"இன்னும் ஆறு மாசத்துக்குக் காசு கட்டுறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான். முதல்ல நீங்கள் சொல்லுங்கோ தம்பி, நீங்கள் நடத்துறது கலியாணச் சேவையோ, பகிடியோ?"

நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு வதனி டீச்சர் உட்கார்ந்தார். இரண்டாயிரத்து ஏழு, கார்த்திகை மழை. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடைக்கு மேல்மாடி. போன வருஷம்வரை வீடியோ கெசட் வாடகைக்கு விட்ட அறை. இப்போது 'ஊவா மாங்கல்யம் டொட் கொம்'. பலகையில் அதற்குக் கீழே, 'முழுமையாக விசாரிக்கப்பட்ட வரன்கள்'.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றான் முதலாளி விஜேந்திரன். "ஊவாவிலேயே நாங்கதான் நம்பர் வன்."

"வேறை ஒருத்தரும் இல்லையெண்டா நீங்கள்தானே நம்பர் வன். ஆனியில அனுப்பின மாப்பிள்ளைக்கு வயசு மூண்டு எண்டு போட்டிருந்தியள்."

"முப்பத்தி மூணு டீச்சர். ஒரு மூணு விட்டுப்போச்சு."

"ஆடியில வந்த சாதகம் தலைகீழ்."

"ஸ்கேன் பண்றப்ப திரும்பிருச்சு. பேப்பரத் திருப்பிப் புடிச்சா சரியாயிரும்."

"ஆவணியில ஒரு டொக்டர். போன் எடுத்தால் கதைக்கிறது அவற்ற மனுசி!"

"அது... பழைய லிஸ்ட்டு. சைட்ல சின்னப் பிரச்சினை."

டீச்சரின் குரல் தாழ்ந்தது. "தம்பி, எனக்கு முப்பத்தைஞ்சு வயசு. அம்மாவும் அப்பாவும் சாவகச்சேரியில. சண்டையில யாழ்ப்பாணப் பாதை பூட்டினாப் பிறகு அவையாலை இஞ்ச வரேலாது, இஞ்சையிருந்து ஒருத்தரும் அங்க போகேலாது. எனக்கெண்டு விசாரிக்க ஆர் இருக்கினம்? உங்கட பலகையை நம்பித்தானே காசு கட்டினனான்?"

விஜேந்திரன் தலையைச் சொறிந்தான். விசாரிப்பதாவது! ஆட்கள் எழுதிக் கொடுப்பதை எழுத்துப் பிழையோடு ஏற்றுவதுதான் அவன் தொழில்.

டீச்சர் கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"இவர் பசறை, லொறி வைச்சிருக்கிறார். இவர் பெரகலயில பலசரக்குக் கடை. இவர் மொனராகலை, கரும்புத் தோட்டம். மூண்டு பேருக்கும் 'முதல் திருமணம்' எண்டு போட்டிருக்கிறியள். மூண்டு பேரும் தாலி கட்டின ஆக்கள்!"

"சேச்சே, இருக்காது டீச்சர்."

"இருக்குது. வடிவா விசாரிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன். அதிலையும் அந்த மொனராகலைக்காரர் வாற ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வாறாராம். ஆரைக் கேட்டு என்ர விலாசத்தைக் குடுத்தியள்?"

விஜேந்திரனுக்கு அந்த மழையிலும் வியர்த்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. மொனராகலைக்குப் போனைச் சுழற்றினான்.

"அம்மா, ஊவா மாங்கல்யத்திலருந்து பேசுறேங்க. உங்க மகனுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் ஆயிருச்சுன்னு இங்க ஒரு பேச்சு..."

"எந்தச் சிறுக்கிடா சொன்னது?" ரிசீவரைத் தாண்டி டீச்சர் வரைக்கும் கேட்டது. "அவ நாக்கு அழுக! என் மகனுக்கு இன்னும் பொண்ணே அமையல!"

டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்? இல்லைங்கிறாங்க."

"இல்லையெண்டா ஏன் இவ்வளவு கோபம் வருகுது?" டீச்சர் எழுந்து குடையை எடுத்தார். "சரி தம்பி. காசை வாங்கிக்கொண்டு கலியாணம் முடிச்சவையளைக் குமர்ப்பிள்ளையளின்ர தலையில கட்டப் பாக்கிறியள். இதைப் பொலிசிலயே கதைப்பம்."

"ஐயோ, உக்காருங்க டீச்சர்!" விஜேந்திரன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "புள்ளகுட்டிக்காரன் நான். பொலிசு கிலிசுன்னு போயிராதீங்க. அடுத்த ஆறு மாசம் உங்களுக்கு இலவசம். போதுமா?"

டீச்சர் குடையைத் திரும்பவும் மூலையில் சாத்தினார்.

"அந்த மூண்டு பேரையும் என்ர கண்ணுக்கு முன்னால அழியுங்கோ."

அழித்தான். அந்தக் கம்பனி தொடங்கிய நாளிலிருந்து பிழையில்லாமல் நடந்த முதல் வேலை அதுதான்.

"ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் எண்டும் அந்த ஆளுக்குச் சொல்லுங்கோ. என்ர போட்டோவையும் போடப்படாது. நான் படிப்பிக்கிற ஆள், பிள்ளையள் பார்க்கும்."

"ஒரு ஆளுக்கும் காட்ட மாட்டேன் டீச்சர். அடுத்த வாரம் வெலிமடையிலருந்து ரெண்டு நல்ல வரன் வருது. உங்களுக்குத்தான் முதல்ல."

"வசதியான ஆக்களோ?"

"ரெண்டு பேருக்கும் சொந்தக் கடை."

"அப்ப அனுப்புங்கோ, பாப்பம்."

பஸ் ஸ்டாண்டில் கச்சான் கடலை கொறித்தபடி வடிவேல் காத்திருந்தான்.

"என்ன லீலா, காசைக் கட்டுனியா?"

"எதுக்குக் கட்டுறது? ஆறு மாசம் ஓசியிலயே குடுத்துட்டான்." யாழ்ப்பாணத் தமிழ் மாடிப்படியோடு நின்றுவிட்டிருந்தது.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பதுளைத் தரகனுங்களுக்கெல்லாம் உன் மூஞ்சி பழகிருச்சுன்னுதானே கொம்பியூட்டருக்கு மாறுனோம்?"

"மாறி என்ன பிரயோசனம் வடிவேலண்ணே? ஒரு நேர்மை வேணாமா இந்த ஊருல!" கச்சான் தோலை ஆத்திரத்தோடு ஊதித் தள்ளினாள்.

"கட்டுன பொண்ணு நகையோட ஓடிட்டாள்னு பொலிசுல சொல்ல மட்டும் மானம் போகுதாம், அதே மகனுங்களுக்கு 'முதல் திருமணம்'னு எழுதி மறுபடி எனக்கே அனுப்புறாங்களே, ஒருத்தனையே நான் எத்தனை தரந்தான் கட்டிக்கிறது?"