நனைந்த அட்டை நாற்றம்

பிரான்சின் பொர்தோ பகுதியில், ஒரு ஒயின் நிலவறையில், புட்டியின் அடிவண்டல் பார்த்து ஒயினை வடிக்க ஏற்றிய மெழுகுவர்த்தி இன்னும் எரிகிறது. அந்த வெளிச்சம் நாற்பது வருடச் சிவப்பு ஒயினுக்குள் செங்கல் நிறமாக நிற்கிறது. தோட்ட முதலாளி லெஸ்த்ராக் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, ருசி பார்ப்பவர்கள் வழக்கப்படி மரத்தொட்டியில் துப்புகிறார். "ஆஹா, மழை பெஞ்ச காட்டு மண் வாசம்!" சுற்றி நிற்கும் வியாபாரிகளும் துப்பிவிட்டுத் தலையாட்டுகிறார்கள். ஒயின் படிப்பு முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு நாளே ஆன சொலேன் கோப்பையை மூக்கிலிருந்து இறக்குகிறாள். "மண் வாசம் இல்ல, முசியே. நனைஞ்ச அட்டை நாத்தம். தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருச்சு." ஒரு வியாபாரி இருமுகிறார். லெஸ்த்ராக் அவள் பக்கம் திரும்புகிறார். "உங்கப்பன் எங்க தோட்டத்துல திராட்சை வெட்டுனவன்தானே? பட்டம் வாங்கினா மூக்கு முளைச்சிடுமா?" "மூக்கு எங்களுக்கு அப்பவே இருந்துச்சு. நீங்க எங்கள நிலவறைக்குள்ள விட்டதுதான் இப்ப." "இன்னொரு வார்த்தை பேசின, நாளைக்கு வேலைக்கு வராத." சொலேனின் காது மடல்கள் சிவக்கின்றன. மரத்தொட்டியைக் காலால் அவருக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளுகிறாள். அவருடைய கோப்பையை அதே ஒயினால் விளிம்புவரை நிரப்புகிறாள். "நல்ல ஒயின்னா துப்பாம குடிங்க." வியாபாரிகள் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். கோப்பை அவர் உதட்டில் பட்டபடி நிற்கிறது. தொண்டை அசையவில்லை.