ஒன்றரைக் கிலோ இறால்

"மளிகை, மீன், காய்கறி எல்லாம் சேத்து மாசம் ஆறு மில்லியன்தானே ஆகுது, நாச்சி?"

பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே சோமசுந்தரம் கேட்டான். அவன் மனைவி நாச்சியார் எடுத்த காபியைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

எதிரே வங்கிக்காரப் பெண் ஹான், விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அவன் ஆபீசுக்கு அலைந்தவள். இன்று ஞாயிற்றுக்கிழமை, சைகோன் த்ருவோங் டின் தெருவில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சந்தைக்கும் போய்விட்டுக் காபிக் கடையில் இருப்போம், அங்கே வா என்று சொல்லிவிட்டான். அவளும் வந்து பிடித்துக்கொண்டாள்.

கார்டுக்கு ஆண்டுக் கட்டணமே கிடையாதாம். சூப்பர் மார்க்கெட்டில் தேய்க்கிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து திரும்பி வருமாம். மாதம் ஐந்து மில்லியன் வியட்நாம் டாங்காவது தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தால் சல்லிக்காசு வராது.

மனைவிக்கும் ஒரு கார்டு இலவசம். அவள் எங்கே என்ன வாங்கினாலும் அடுத்த நொடி கணவனின் போனுக்குச் செய்தி போய்விடும். அதைப் போய்ப் பெரிய வசதி என்று சொன்னாள் ஹான், மகராசி.

அந்த ஆறு மில்லியன் பொய்.

செலவு நாலுதான். மீதி இரண்டும் மாதாமாதம் பெருங்காய டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை ஒன்றரை என்பாள், இரண்டு கிலோ வெங்காயத்தை மூன்று என்பாள். வீட்டுக்கு வீடு பெண்கள் சேர்க்கிற சிறுவாடுதான். என்ன, இது சைகோனில் சேர்கிற சிறுவாடு.

நகை, புடவை என்றால் என்றைக்கோ சொல்லித் தொலைத்திருப்பாள். இது ஊரில் இருக்கும் தங்கை பாப்பாவின் நர்ஸிங் படிப்புக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், நாச்சியாரின் அண்ணன் நாலு பேர் காதுபட, "எங்க மாப்பிள்ளை ஏர்போர்ட்டுல மூட்டை தூக்குறாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். சோமசுந்தரம் டான் சோன் நாட் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் எடை பார்க்கிறவன். பெட்டியைக் கையால் தூக்கியே இத்தனை கிலோ என்பான், மெஷினும் அதையேதான் சொல்லும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியவன், இனி உன் வீட்டுக்கு என் பணம் ஒரு பைசா போகாது என்றான். போகவும் இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிறது அவன் ஜாதகத்திலேயே கிடையாது.

வெள்ளிக்கிழமைக்குள் கடைசித் தவணை கட்டாவிட்டால் பாப்பா பரீட்சை எழுத முடியாது. டப்பாப் பணத்தைத் தோழி நஸீம் பானுவிடம் கொடுத்தால் போதும், ஊரில் அவள் தம்பி கட்டிவிடுவான். பானுவின் வீட்டுக்காரர் பஷீர் அகமது இங்கே ஓட்டல் நடத்துகிறவர். மசாலாப் பெட்டி எடுக்க மாதாமாதம் கிடங்கில் சோமசுந்தரத்திடம்தான் வந்து நிற்பார். அவர் காதுக்கு இது போகக் கூடாது என்று பானுவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

இப்போது என்ன சொல்வது?

ஆறு என்றால் கார்டு வந்துவிடும். முதல் மாதமே நாலுதான் தேயும், குட்டு வெளிப்பட்டுவிடும். நாலு என்றால் கார்டே வேண்டாம் என்பான். ஆனால் மீதி இரண்டு எங்கே என்று இந்த மேசையிலேயே கேட்பான். இன்றைக்குக் கேட்டால் டப்பா இன்றைக்கே காலி.

சந்தையில் கார்டு வாங்க மாட்டார்களே என்றாள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் போகிறது என்றான். அங்கே எல்லாமே விலை கூட என்றாள். எவ்வளவு கூட என்று அவன் போனில் கணக்குப் போட ஆரம்பித்தான். பாவி, எதற்கும் மசிய மாட்டேன் என்கிறானே என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

கணக்கை நிறுத்திவிட்டுச் சட்டென்று கேட்டான்.

"இன்னைக்கு இறால் எவ்வளவு?"

"ஒன்றரைக் கிலோ."

பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பைக்குள் இருந்தது ஒரு கிலோ.

சோமசுந்தரம் குனிந்து, காலடியில் இருந்த சந்தைப் பையை ஒரு கையால் தூக்கினான். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

நாச்சியார் பையையே பார்த்தாள். இந்தப் பையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மாடி சுமந்து ஏறுகிறவன் அவன்தான். இரண்டு வருஷமாக. இது எப்படித் தன் மரமண்டைக்கு உறைக்காமல் போயிற்று?

அவன் ஹானைப் பார்த்து நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னான். தன் வீட்டுச் செலவு மாதம் நாலு மில்லியனைத் தாண்டாது. ஐந்துக்கு வழியில்லை. இந்தக் கார்டு தனக்குச் சரிப்படாது.

ஹான் முகம் வாடினாலும் சிரிப்பை விடாமல் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு போனாள்.

நாச்சியார் தலை நிமிரவில்லை. கேட்கப் போகிறான், இதோ கேட்கப் போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் மீதிக் காபியைக் குடித்து முடித்தான். எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

"என் பணம்தான் போகாதுன்னேன். அது உன் சிறுவாடு. நீயாச் சொல்லுவேன்னு இன்னைக்கு வரைக்கும் பாத்தேன்" என்றான், தெருவைப் பார்த்துக்கொண்டே. "பஷீர் எப்பவோ சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்காத. பானு அக்காகிட்ட இன்னைக்கே குடுத்துடு."