இரையாத பெட்டி

ஸ்டுடியோ மேஜைமேல ரெண்டு கம்ப்யூட்டர், ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. குரலுக்கு எதிரொலி குடுக்குற பிளகின் சாஃப்ட்வேர்களை இன்ஜினியர் தேவசகாயம் ரெண்டுலயும் ஒவ்வொண்ணா ஏத்திட்டிருந்தாரு. ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்ல விழக்கூடாது; எது முதல்ல இரையுதோ அது காயலான் கடைக்கு.

சுத்துனாத்தானே இரையும்னு பழசு ஃபேனையே நிறுத்திருச்சு.

"அண்ணே, உங்க மேல தோசையே ஊத்தலாம் போல. ஃபேனப் போட்டுத் தொலைங்க!"ன்னு கிசுகிசுத்துச்சு புதுசு.

"வாய மூடுறா, ஆளு காத வெச்சுட்டிருக்காரு."

இன்னும் ரெண்டு ஏத்தவும் புதுசோட ஃபேன் ஆட்டோ மாதிரி இரைஞ்சுது. உடனே அதோட ஒயரப் பிடுங்கிட்டாரு.

"பழசுதான்யா மெஷின்! இனிமே எல்லாப் பாட்டும் இதுலதான்"னாரு தேவசகாயம்.

அப்பாடான்னு பழசு ஃபேனப் போட்டுச்சு. சூட்டுல உருகி ஒட்டிக்கிட்ட ஃபேன் அசையல. அவரு சந்தோஷமா இன்னொரு பிளகின் ஏத்துனாரு.