மேல்தட்டு

டிரில் மெஷின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரின் பின்பக்கத் தரை அது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பின்சீட்டுக்கு அடியில், பெரிய பாட்டரி. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற கார். ஆளைச் சுருட்டிப் போடுகிற மின்சாரம் அதில் அடைந்து கிடக்கிறது என்று சொன்ன கணவரே இப்போது அதன் பக்கத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாரையாவது கூப்பிட்டுக்கலாமே."

"வெடிச்சா முதல்ல நான்தான் போவேன். நீ தள்ளி நில்லு."

"பேச்சைப் பாரு."

மின்கம்பம் ஏறியே காலம் தள்ளியவர். ஏறுகிறவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையில் வேதம். இன்றைக்குப் பாட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆரஞ்சு நிறக் கட்டையைப் பிடுங்கியதும் அவளிடம் நீட்டிவிட்டார். அவள் அதை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் அட்டைப் பெட்டிகள் நின்றன. உள்ளே மருந்துநீர்ப் பைகள். அவர் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் தினமும் ஏற்றி இறக்க வேண்டும். சிறுநீரகம் கைவிட்ட பிறகு அவரை நடமாட வைத்திருப்பது அந்தப் பைகள்தான்.

மகளுக்குப் பிரசவ நேரம். மகள் இருக்கும் ஊர் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டிய தூரம். அங்கே இந்தப் பைகள் கிடைக்காது. குழந்தை பிறக்கும்வரை இருக்க ஒரு பங்கு; பிறந்த பிறகு மகள் தேறும்வரை இருக்க இன்னொரு பங்கு. இரண்டும் ஏற வேண்டும். அதற்காகத்தான் டிக்கியில் பலகை போட்டு இந்த மேல்தட்டு.

பலகையைப் போல்ட் போட்டு முறுக்கினார். கட்டையை வாங்கி அதன் இடத்தில் மாட்டினார். எதுவும் வெடிக்கவில்லை. அவள் அப்போதுதான் காரின் கிட்டே வந்தாள்.

முதல் பங்கு மேல்தட்டுக்குக் கீழே போயிற்று. இரண்டாவது பங்கை அவளே மேல்தட்டில் அடுக்கினாள். கடைசிப் பெட்டியைப் பின்சீட்டின் ஓரமாகத் திணித்தாள்.

அவர் அதை வெளியே இழுத்தார்.

"காத்து போற வழி அது. அடைச்சா பாட்டரி சூடேறிச் செத்துடும்."

"பாட்டரி செத்தா வேற வாங்கிக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவற்றை ஒருக்களித்து நகர்த்தி, காற்றுவழியை விட்டு, அதற்கும் இடம் பண்ணினார். எல்லாம் ஏறிவிட்டது.

அவள் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுக்கப் போனாள். எதிர்வீட்டுக்காரி காப்பி கொடுத்து உட்கார வைத்து, பேரனா பேத்தியா என்று பந்தயம் கட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

இரண்டாவது பங்கு முழுவதும் மறுபடி வாசலில் இருந்தது.

"ஏங்க, இதையெல்லாம் ஏன் இறக்கினீங்க?"

அவர் திரும்பவில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. பெல்ட் ஒன்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கீழ இருக்கிறதே போதும். அங்க உனக்குப் பொழுது போகணும்ல."

மேல்தட்டில் அவளுடைய தையல் மெஷின். கல்யாணமான நாளிலிருந்து ஜன்னலோரத்தை விட்டு நகராதது. எப்படித்தான் தனியாகத் தூக்கினாரோ.

"பிரசவத்துக்குப் போற எடத்துல எதுக்குங்க இது? திரும்பி வந்து தைச்சுக்க மாட்டேனா?"

அவர் பெல்ட்டின் கொக்கி மாட்டிக்கொண்டதா என்று ஆட்டிப் பார்த்தார்.

அவள் கிட்டே போனாள். வழியில் ஆடாமல் இருக்க மெஷினைச் சுற்றி நாலு பக்கமும் துணி திணித்திருந்தார். பழந்துணி என்றுதான் முதலில் நினைத்தாள். ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாத, அவருடைய நல்ல சட்டைகள்.