புழு பூச்சி

"உண்டு மதினி. மாடிக்கு வாங்க, காட்டுதேன்."

சொல்லிவிட்டாள்.

காப்பி டம்ளர் புருஷனின் வாயருகே அப்படியே நின்றது.

மதினி அவனுடைய அக்காள். பாளையங்கோட்டைக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்விதான்.

"ஏட்டி, வயித்துல புழு பூச்சி ஏதும் உண்டா?"

பிள்ளை என்று வாய்விட்டுக் கேட்டால் கண் பட்டுவிடுமாம். ஆகவே புழு, பூச்சி.

இத்தனை வருஷமும் அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குள் போயிருக்கிறாள். இன்று மாடிப்படி ஏறினாள்.

மதினியும் முழங்கால் வலியை மறந்து பின்னாலேயே ஏறினாள். நல்ல சேதியைத் தனியாகச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று பாவம், அவளுக்கு நினைப்பு.

மொட்டைமாடியில் செம்பருத்தித் தொட்டி.

மொட்டு வைக்கும். மலராமலே மஞ்சளாகி உதிரும்.

அவள் ஒரு கொழுந்தைத் திருப்பிக் காட்டினாள். கணுவெல்லாம் வெள்ளை வெள்ளையாக, பஞ்சைக் கிள்ளி ஒட்டிய மாதிரி.

"மாவுப்பூச்சி. கேட்டீகளே."

மதினியின் முகம் சுண்டிப்போயிற்று. வந்த காரியத்தை அங்கேயே அவிழ்த்துவிட்டாள், செடியைப் பார்த்துக்கொண்டு.

"பூக்காத செடிக்கு எதுக்குட்டி இம்புட்டுப் பாடு? புடுங்கிப் போட்டுட்டு வேற வைக்கணும். வள்ளியூர்ல நல்ல நாத்தா ஒண்ணு பாத்துவச்சிருக்கேன். தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

செம்பருத்தி நாற்று வாங்க வள்ளியூருக்கு யாரும் போவதில்லை.

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான்.

வலித்தது. அவளுக்கு நன்றாகவே வலித்தது.

அவள் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினாள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் சேராமல் மேலே மிதக்கும்.

இந்தச் செடிக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. பஞ்சால் துடைத்திருக்கிறாள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருக்கிறாள். கிளையை ஒட்ட வெட்டியிருக்கிறாள். பூச்சி போகும், திரும்பி வரும்.

அவளுக்கும் பார்க்காத வைத்தியம் இல்லை. லேகியம், கஷாயம், ஊசி, அரசமரம். குடிக்கச் சொன்னதையெல்லாம் குடித்தாள். சுற்றச் சொன்னதையெல்லாம் சுற்றினாள். உன்னிடம் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வா என்றார் ஒரு டாக்டரம்மா. அதை வீட்டில் வந்து சொன்னாள்.

டாக்டரை மாற்றிவிட்டார்கள்.

எறும்பை நேற்றுத்தான் கவனித்தாள். மாவுப்பூச்சி கசிகிற இனிப்புக்கு எறும்பு அடிமை. பூச்சியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செடிக்குச் செடி குடிவைக்கும். எங்கிருந்து தூக்கிவருகிறது என்று யாராவது பார்த்தால்தானே.

எறும்பு வரிசையின் ஓரமாக விரலை நகர்த்திக்கொண்டே போனாள். செம்பருத்தியின் தண்டு. தொட்டியின் விளிம்பு. கைப்பிடிச் சுவர். மதினியின் கண்ணும் கூடவே போனது.

வரிசை குரோட்டன்ஸ் தொட்டியில் ஏறியது.

தம்பி கல்யாணத்துக்கு மதினியே கொண்டுவந்து கொடுத்த செடி. ஆள் உயரத்துக்குப் பளபளவென்று நிற்கிறது. அதனிடம் பூ எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அதன் இலையைத் திருப்பிப் பார்த்ததும் இல்லை.

அவள் திருப்பினாள்.

அடிப்பக்கம் முழுக்க வெள்ளை.

மதினி ஓரடி பின்வாங்கினாள்.

படியில் காலடிச் சத்தம். அவன் பாதியில் நின்றுவிட்டான், மேலே வருவதா வேண்டாமா என்று.

அவள் மருந்தைக் குரோட்டன்ஸ்மேல் தெளித்தாள். இலை இலையாகத் திருப்பி, அடிப்பக்கம் நனைய நனைய.

"எதுல இருக்குன்னு பாத்துட்டுத்தான் மருந்து அடிக்கணும் மதினி."

பிறகு படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"சட்டையப் போடுங்க. அந்தப் பழைய டாக்டரம்மாவப் பாத்துட்டு இருட்டுறதுக்குள்ள வந்துரலாம்."

அவன் அக்காளைப் பார்த்தான்.

அக்காள் குரோட்டன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.