பச்சைக் கம்பிகள்

நைரோபியில் நடக்கும் கணினி அலங்காரப் போட்டியிலிருந்து மும்புவா விலகிவிட்டாள். துபாய் போய் வந்த தம்பியிடம் பெரியக்கா கொடுத்தனுப்பிய சாமானை விமான நிலையத்தில் பிடுங்கிவிட்டதால், அவளுடைய கணினி பாதியில் நின்றுவிட்டது. தம்பி கியோகோவாவது ஜெயிக்கட்டும் என்று, அவனுடைய கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைக்குப் புதுக் கம்பிகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பின்னலுறை மாட்டிக் கொடுத்தாள்.

போட்டியன்று கூடத்திலிருந்து கியோகோ போனில் கத்தினான்.

"கெடுத்திட்டியேக்கா! ஆன் பண்ணதும் மதர்போர்டு புகைஞ்சு போச்சு. அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. உன்னால போட்டில நிக்க முடியலன்னு வயித்தெரிச்சலா?"

"வாய அடக்குடா. உன் பவர் சப்ளைல மாட்டிப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்?"

"பாத்த லட்சணம்தான் தெரியுதே."

மும்புவா யோசித்தாள். பவர் சப்ளையில் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் செருகினால் எரிந்துதான் போகும்.

"டேய், பவர் சப்ளைய மாத்தினியா?"

"மாத்தினா என்னக்கா?"

"கியோகோ, வேற எதுல செருகின?"

"பெரியக்கா உனக்குக் குடுத்தனுப்பினத ஏர்போர்ட்ல பிடுங்கிட்டாங்கன்னு சொன்னேன்ல," என்றான் அவன். "அந்தப் பவர் சப்ளைலதான்க்கா."